கூழ் பிந்திய வருடம்

1

நான் சென்னையில் வந்து இறங்கிய தேதியில் ஒவ்வொரு வருடமும் வீட்டில் ஒடியல் கூழ் காய்ச்சுவேன். கொண்டாட்டம் என்று சொல்ல மாட்டேன். இரண்டு பைகளோடும் மனைவியோடும் மூன்று வயது மகளோடும் வந்து நின்ற நாளைக் கொண்டாடவும் முடியாது, மறந்துவிடவும் மனம் வராது. அதனால் கூழ். மனைவி இறந்துபோன பிறகும் நிறுத்தவில்லை. அவள் இருந்தபோதும் காய்ச்சியது நான்தான்.

யாழ்ப்பாணத்தில் இருந்து இதைப் படிக்கும் உங்களுக்குக் கூழை விளக்கத் தேவையில்லை. பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மாவில் மீனும் நண்டும் பயற்றங்காயும் பலாக்கொட்டையும் புளியும் உறைப்பும் சேர்த்துக் காய்ச்சுவது என்று இங்கே உள்ளவர்களுக்கு விளக்கி விளக்கியே எனக்கு முப்பது வருடங்களுக்கு மேல் ஓடிவிட்டது. சென்னையில் கூழ் என்றால் ஆடி மாதத்தில் அம்மன் கோயில் வாசலில் ஊற்றும் கேழ்வரகுக் கூழ். என் மகளின் மாமனார் மாணிக்கம் முதல்முறை எங்கள் வீட்டுக்குக் கூழ் குடிக்க வந்தபோது அதை எதிர்பார்த்துத் தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம் உரித்துக் கொண்டுவந்திருந்தார். கோப்பைக்குள் இருந்து ஒரு நண்டுக்கால் நீட்டிக்கொண்டிருந்தது.

“இன்னா சம்பந்தி, கூழுக்குள்ளேர்ந்து யாரோ கைய தூக்கிகினு கீறாங்க?” என்றார்.

பிறகு மூன்று கோப்பை குடித்தார். நான் எண்ணினேன். எண்ணுவது என் வழக்கம். ஊரில் நில அளவைப் பகுதியில் வேலை பார்த்தவன். இங்கே வந்து கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் செங்கல்லையும் கம்பியையும் எண்ணிச் சம்பாதித்தவன். எண்ணாமல் இருந்தால் எனக்குப் பொழுது போகாது.

இந்த வருடம் அந்தத் தேதி வந்தது, போனது. கூழ் காய்ச்சவில்லை. வீட்டுக்குள் மீன் வரக்கூடாது, நண்டு வரக்கூடாது, பயறு என்ற பெயரில் வரும் எதுவும் வரக்கூடாது என்று மகள் கௌரி தடை போட்டிருந்தாள். காரணம் என் பேரன் ஆதவன். அப்போது அவனுக்கு வயது ஒன்றேகால்.

2

ஆதவனுக்கு மூன்றாம் மாதத்திலேயே கன்னம் சிவக்கத் தொடங்கியது. பிறகு முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்புறம், கழுத்து. தோல் காய்ந்து வெடிக்கும், சொறிவான், நீர் கசியும். நாம் கரப்பன் என்போம். இங்கே கரப்பான் என்கிறார்கள், டாக்டர்கள் எக்ஸிமா என்கிறார்கள். எந்தப் பெயரில் அழைத்தாலும் பிள்ளைக்கு நித்திரை இல்லை. பிள்ளைக்கு இல்லையென்றால் கௌரிக்கு இல்லை. பக்கத்து அறையில் எனக்கும் இல்லை.

நம்மவர்களுக்குத் தோலில் எது வந்தாலும் அது கிரந்தி. ஊரில் இருந்து தொலைபேசியில் பேசிய ஒவ்வொருவரும் ஒரு சாப்பாட்டைத் தடை செய்தார்கள். சூரை மீன் கிரந்தி, நண்டு கிரந்தி, தக்காளி கிரந்தி, அன்னாசி கிரந்தி. பால் கொடுக்கும் தாய் சாப்பிட்டாலும் கிரந்தி. கௌரி எல்லாவற்றையும் நிறுத்தினாள்.

மாணிக்கத்துக்குக் கிரந்தி என்றால் என்னவென்றே தெரியாது. அவருக்குத் தெரிந்தது சூடு. ஈக்காட்டுத்தாங்கலில் அவருக்கு ஒரு லேத் பட்டறை இருக்கிறது. பட்டறைக்கு எதிரில் ஒருவர் செக்கு வைத்திருக்கிறார்.

“ஒண்ணுமில்ல சம்பந்தி, ஒடம்பு சூடு. பாரு, கண்ணு முன்னாடி ஆட்டின நல்லெண்ணெய், ரெண்டு லிட்டர் கொண்டாந்து கீறேன். வாரத்துக்கு ரெண்டு வாட்டி புள்ளைக்கு நல்லா தேச்சு ஊத்து. சூடு பறந்துடும்.”

தேய்த்தார்கள். தேய்த்த நாளில் பிள்ளை மேலும் சிவந்தான், வீரிட்டு அழுதான். உள்ளே இருக்கும் சூடு வெளியே வருகிறது என்று மாணிக்கம் சொன்னார். நானும் தலையாட்டினேன். நல்லெண்ணெய் விஷயத்தில் யாழ்ப்பாணமும் சென்னையும் ஒரே கட்சி.

பத்தாம் மாதத்தில் முதல் பல் முளைத்தது. பல்லுக்கொழுக்கட்டை செய்ய வேண்டும் என்று நான்தான் ஆசைப்பட்டேன். அடையாறில் எங்கள் அடுக்குமாடியில் இருபத்துநான்கு வீடுகள். அதில் பல்லுக்கொழுக்கட்டை என்ற சொல்லைக் கேட்ட வீடு எங்களுடையது மட்டும். பிள்ளையை நடுவில் இருத்தி, தலைக்கு மேல் வெள்ளைத் துணியை நாலு பேர் விரித்துப் பிடிக்க, கொழுக்கட்டையை அதன் மேல் கொட்டினோம். பயறும் தேங்காயும் உள்ளே வைத்து, ஓரத்தில் தேங்காய்ச் சொட்டைப் பல்லுப்போலச் செருகிய கொழுக்கட்டை. அக்கம்பக்கத்துப் பெண்கள் கைதட்டிச் சிரித்தார்கள். “தலையில டிபனைக் கொட்றாங்கம்மா இவங்க ஊர்ல!” என்று ஒருத்தி சொன்னதும் காதில் விழுந்தது.

எல்லோரும் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சினார்கள். கொஞ்ச நேரத்துக்குள் ஆதவனின் முகத்தில் தடித்த தடிப்புகள் கிளம்பின. ஒரு கண் வீங்கி மூடிக்கொண்டது. கீழ்வீட்டில் இருந்த நர்ஸ் ஒருத்தி ஓடிவந்து பக்கத்து மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள். மருந்து கொடுத்ததும் ஒரு மணி நேரத்தில் வடிந்தது. ஆனால் கௌரியின் பயம் வடியவில்லை.

கொழுக்கட்டை என்று முடிவாயிற்று. கொழுக்கட்டையில் எது? யாருக்கும் தெரியாது. தி.நகரில் நகைக்கடைகளுக்கு நடுவே ஒரு பரிசோதனைக்கூடம். ஒரு குழாய் இரத்தத்தில் நாற்பது சாப்பாடுகளையும் பார்த்துவிடலாம் என்றார்கள். பார்த்தார்கள். பால், முட்டை, கோதுமை, பயறு, நிலக்கடலை, மீன் ஆகியவற்றுக்கு எதிரே கறுப்புப் பட்டைகள். கௌரி அந்தத் தாளைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினாள்.

கிரந்தி ஒரு பக்கம், சூடு ஒரு பக்கம், கறுப்புப் பட்டை ஒரு பக்கம். மூன்றையும் கழித்துப் பார்த்தால் என் பேரனுக்கு மிஞ்சியது சோறு, பூசணி, வாழைப்பழம், உப்பு. தோல் ஆறவும் இல்லை. எட்டாம் மாதத்தில் தைத்த சட்டை பதினைந்தாம் மாதத்திலும் அவனுக்குச் சரியாக இருந்தது. சட்டை நன்றாக உழைக்கிறது என்று மகிழ்கிற விஷயமா அது?

3

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கையிலும் கரப்பன் பிள்ளைகள் இருந்தார்கள். கை முழுக்க வேப்பிலை அரைத்துப் பூசியபடி பள்ளிக்கு வருவார்கள். பக்கத்தில் இருக்க மாட்டோம் என்று சிலர் தள்ளிப் போவார்கள். அவர்களுக்கும் வீட்டில் தனிச் சாப்பாடுதான். என்னோடு படித்த ஒருவன் மீன் வாசத்துக்காக எங்கள் வீட்டுக் குசினிப் பக்கம் வந்து நின்றது நினைவிருக்கிறது. அவனுக்கு உண்மையில் மீன் ஒத்துக்கொள்ளாதா என்று யாரும் பரிசோதித்துப் பார்த்ததில்லை. இல்லை என்றால் இல்லை. பெரியவர்கள் சொன்னது சொன்னதுதான். அவன் வளர்ந்து கல்யாணம் கட்டிய பிறகுதான் முதல் மீன் சாப்பிட்டானாம். ஒன்றும் ஆகவில்லையாம். கடிதத்தில் எழுதியிருந்தான்.

ஆதவன் பாயில் தனியாக உட்கார்ந்து பூசணிச் சோறு சாப்பிடும்போது எனக்கு அந்தப் பள்ளித் தோழன் ஞாபகம் வரும்.

எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசை பிரிந்துபோயிற்று. மருமகன் மகேஷ் அலுவலகத்திலேயே சாப்பிட்டுவிட்டு வருவார். நான் முட்டை சாப்பிட வேண்டுமென்றால் பல்கனி. சாப்பிட்டு முடித்துக் கதவைத் தட்ட வேண்டும்.

“அப்பா, கை கழுவினனீங்களோ?”

“கழுவினன் பிள்ளை.”

“சவர்க்காரம் போட்டோ?”

“போட்டுத்தான்.”

“வாயும் கொப்பளிச்சனீங்களோ? உடுப்பை மாத்திப்போட்டு வாங்கோ. அதோட பிள்ளையைத் தூக்காதேங்கோ.”

என்னோடு பேசும்போது கௌரி இன்னும் நம் தமிழில்தான் பேசுவாள். கைத்தொலைபேசி அடித்தால் அதே மூச்சில், “ஆங், சொல்லுங்க, வீட்லதான் இருக்கேன்” என்று மாறிவிடுவாள். ஆதவனுக்கு மாறுவதற்கு எதுவும் இல்லை. அவன் சொன்ன முதல் சொல் “இன்னா”. மாணிக்கம் அதைக் கேட்டு எழுந்து நின்று கைதட்டினார். நான் மூன்று நாள் அவரோடு சரியாகப் பேசவில்லை.

காலையில் நான் ஊரூர் ஒல்காட் குப்பம் வரை நடப்பேன். படகுக்குப் பக்கத்தில் மீன் விற்கும் தேவகிக்கு என்னைப் பல வருடங்களாகத் தெரியும். நான் மீனை வாங்காமல் பார்த்துக்கொண்டு மட்டும் நின்றது அவளுக்குப் பொறுக்கவில்லை.

“இன்னா தாத்தா, டெய்லி வர்ற, மீன எண்ணிகினு போற. மாலை கீலை போட்டுகினியா?”

“பேரனுக்கு மீன் ஆகாதாம் பிள்ளை.”

“ஆருக்கு, நீ தூக்கிகினு வருவியே, அந்த ஒல்லிக் குச்சிக்கா? துன்னாதான தெரியும், ஆவுமா ஆவாதான்னு!” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் விலை பேசப் போனாள்.

வீட்டில் போய்ச் சொன்னேன். கௌரி அழுதுவிட்டாள். “கொழுக்கட்டை அண்டைக்கு அந்தக் கண்ணைப் பாத்தனீங்கள்தானே அப்பா? மீனைக் குடுத்து இன்னொருக்கா அப்படி வந்தால் நான் என்ன செய்யிறது?” கொடுத்தாலும் பயம், கொடுக்காவிட்டாலும் பிள்ளை தேய்கிறான். அந்த வாரம் மகேஷ் விடுப்பு எடுத்து, குழந்தைகளின் ஒவ்வாமைக்கென்றே இருக்கும் டாக்டர் ஒருவரிடம் நாள் குறித்தார்.

4

மருத்துவமனை அடையாறிலேயே இருந்தது. சிறியது, மூன்று மாடி, முப்பத்தெட்டுப் படி. பிள்ளையோடு இருவர் உள்ளே போகலாம், ஆனால் துணைக்குப் போகிறவர் அடையாள அட்டை காட்ட வேண்டும். மகேஷ் வண்டியை நிறுத்த இடம் தேடிப் போயிருந்தார். வரிசையில் நான்.

“ஆதார் குடுங்க சார்.”

“என்னட்ட ஆதார் இல்லைப் பிள்ளை. இது இருக்கு.” இங்கே தங்குவதற்கான அனுமதி அட்டையை நீட்டினேன்.

கவுண்டரில் இருந்த பெண் அதை முன்னும் பின்னும் திருப்பினாள். “இது என்ன கார்டு சார்? கம்ப்யூட்டர்ல இப்படி ஒண்ணு வரலையே. எந்த ஊர் நீங்க? கேரளாவா?”

முப்பது வருடங்களாக இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லி வருகிறேன். ஒவ்வொரு வருடமும் வெளிநாட்டவர் பதிவு செய்யும் அலுவலகத்தில் போய் வரிசையில் நின்று, நான் இன்னும் இங்கேதான் இருக்கிறேன், இன்னும் நான்தான் என்று கையெழுத்துப் போட்டு வருகிறேன். அங்கே எல்லோரும் மரியாதையாகத்தான் பேசுவார்கள். ஆனால் இடம் பெயர்ந்தவன் எந்த வரிசையில் நின்றாலும் கை தானாக அட்டையைத் தேடும்.

பின்னால் இருந்து மாணிக்கத்தின் குரல் கேட்டது. அவரை யாரும் அழைக்கவில்லை, அவரே வந்துவிட்டார். “யம்மா, இவரு நம்ம ஆளும்மா. என் பையனோட மாமனாரு. உள்ள வுடு, நான் இங்க உன்னாண்டயே குந்திகினு இருக்கேன். ஓடிட்டாருன்னா என்னைப் புடிச்சுக்கோ.”

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். பெயரைக் கையால் எழுதி அனுப்பினாள்.

டாக்டரின் பெயர் ரெஹானா. ராயப்பேட்டைப் பக்கம் பல தலைமுறையாக இருக்கும் குடும்பம். எங்களைப் பார்க்கும் முன் தொலைபேசியில் தன் தாயிடம் உருதுவில் இரண்டு வார்த்தை பேசினார், பிறகு எங்கள் பக்கம் தமிழில் திரும்பினார். கௌரி மாறுவதைப் போலவே. எனக்கு உடனே பிடித்துப்போயிற்று.

கௌரி பரிசோதனைத் தாளை நீட்டினாள்.

“அது இருக்கட்டும்மா, எங்கேயும் ஓடாது. முதல்ல பையனைப் பத்திச் சொல்லுங்க. பால் குடிச்சு அஞ்சு, பத்து நிமிஷத்துல தடிப்பு, வாந்தி, மூச்சு இழுக்கிறதுன்னு எதாவது வந்திருக்கா?”

“இல்ல டாக்டர்.”

“கோதுமை?”

“ஏழாம் மாசத்துலேர்ந்து கஞ்சி குடிச்சிட்டிருந்தான். ஒண்ணும் ஆகல.”

“மீன்?”

“குடுத்திருக்கோம். நல்லா சாப்பிட்டான்.”

“அப்புறம் எதுக்கு நிறுத்தினீங்க?”

“ரிப்போர்ட்ல வந்திருந்தது.”

டாக்டர் பெருமூச்சு விடவில்லை, திட்டவும் இல்லை. பல தாய்மாரிடம் சொல்லிப் பழகிய குரலில் சொன்னார். “ரத்தத்துல வர்றது, இந்தச் சாப்பாட்டை உடம்பு அடையாளம் வெச்சிருக்குன்னு மட்டும்தான்மா சொல்லும். சாப்பிட்டா சண்டை போடுமான்னு சொல்லாது. கரப்பான் இருக்கிற குழந்தைங்களுக்கு இந்த மாதிரி அடையாளம் சும்மாவே நிறைய இருக்கும். அதை வெச்சு எல்லாத்தையும் நிறுத்தினா, தோலும் ஆறாது, குழந்தையும் வளராது. நல்லா ஏத்துக்கிட்டிருந்த சாப்பாட்டையே ரொம்ப நாள் நிறுத்தி வெச்சா, திரும்பக் கொடுக்கும்போது உடம்பு முறைச்சுக்கிட்டாலும் முறைச்சுக்கும்.”

எனக்கு இது சட்டென்று விளங்கியது. என் பெயரும் வருடாவருடம் பதிவில் இருக்கிறது. பதிவில் இருப்பதால் நான் யாருக்கும் தீங்கு செய்தவன் என்று ஆகிவிடாது. பாலும் கோதுமையும் பாவம், என்னைப்போலத்தான்.

5

“உண்மையிலேயே உடனே எதாவது வந்தது உண்டா? ஒரே ஒரு தடவையாவது?” என்று டாக்டர் கேட்டார்.

கௌரி கொழுக்கட்டைக் கதையைச் சொன்னாள். டாக்டர் பேனாவை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார். தலையில் கொட்டுவார்கள் என்றதும் புருவம் உயர்ந்தது.

“அப்ப தடிப்பு தலையில வந்ததா?”

கௌரி யோசித்தாள். “இல்ல. துணி பிடிச்சிருந்தோம். தலையில ஒண்ணுமே இல்ல. ரெண்டு கன்னத்துலயும், நெத்தியிலயும். அப்புறம் கண்ணுக்கிட்ட.”

“கொழுக்கட்டை சாப்பிட்டானா?”

“இல்ல, வாய்ல வைக்கிறதுக்குள்ள ஆரம்பிச்சிடுச்சு.”

“கன்னம், நெத்தி, கண்ணுக்கிட்ட...” டாக்டர் தன் கன்னத்தையும் நெற்றியையும் விரலால் தொட்டுக் காட்டினார். “முத்தம் கொடுக்கிற இடம் எல்லாம்.”

கௌரி மடியில் இருந்த பிள்ளையின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

“அன்னைக்கு வந்தவங்க எல்லாம் என்ன சாப்பிட்டுட்டு இருந்தாங்க?”

என் பெரியப்பா பேத்தி ஒருத்தி தி.நகரில் கூறைச்சேலை எடுக்க ஊரில் இருந்து வந்திருந்தாள். நம்மவர்கள் கல்யாணம் என்றால் தி.நகருக்கு வராமல் முடியுமா? வந்தவள் ஒரு பெரிய டப்பா நிறைய எள்ளுப்பாகு கொண்டுவந்திருந்தாள். எள்ளையும் உளுத்தம்மாவையும் இடித்துச் சர்க்கரை போட்டுப் பிடித்த அந்த உருண்டை இங்கே கிடைக்காது. கொழுக்கட்டை அவிந்து வரும்வரை எல்லோருக்கும் அதைத்தான் பரிமாறினோம். அதைத் தின்ற வாயோடும் கையோடும்தான் எல்லோரும் பிள்ளையைக் கொஞ்சினார்கள். தலையில் கொட்டியதை வீடு முழுக்கப் பார்த்தது. கன்னத்தில் கொடுத்ததை யார் பார்த்தார்கள்?

“எள்ளு!” என்றேன் நான்.

“இருக்கலாம். உடம்புக்கு எண்ணெய் தேய்ப்பீங்களா?”

“செக்கு நல்லெண்ணெய்,” என்றாள் கௌரி மெதுவாக.

டாக்டர் தலையசைத்தார். வெடித்த தோலின் வழியாக ஒரு சாப்பாட்டுப் பொருள் உள்ளே போனால், உடம்பு அதை எதிரியாகப் பழகிவிடலாம் என்றார். வாய் வழியாக வந்தால் பெரும்பாலும் விருந்தாளி, தோல் வழியாக வந்தால் திருடன். எல்லாப் பிள்ளைக்கும் அப்படி நடக்காது. கரப்பன் உள்ள பிள்ளைக்கு வாய்ப்பு அதிகம். “யார் தப்பும் இல்லம்மா. எங்க வீட்லயும் குழந்தைக்கு எண்ணெய் தேய்க்காம விடமாட்டாங்க. பரிசோதிச்சுப் பார்த்துடலாம்.”

அவனுடைய முதுகில், நல்ல தோல் உள்ள இடத்தில், ஒவ்வொரு சாப்பாட்டின் சாற்றையும் துளித் துளியாக வைத்து மெல்லக் குத்தினார்கள். கால் மணி நேரம் காத்திருந்து, டாக்டர் ஒரு சின்ன அளவுகோலை எடுத்து ஒவ்வொரு தடிப்பையும் அளந்தார். அளவுகோலைக் கண்டதும் எனக்கு அவர்மேல் இருந்த மதிப்பு இரண்டு மடங்கு ஆயிற்று. மீன், கோதுமை, பயறு, நிலக்கடலை ஒன்றும் எழும்பவில்லை. பால் சின்னதாக, முட்டை சின்னதாக. எள்ளுக்குக் கொசு கடித்ததைப் போல இல்லை, தேள் கொட்டியதைப் போல எழும்பி நின்றது. எங்களைப் பயமுறுத்திய அந்த நாற்பது பெயர்த் தாளில் எள்ளு இருக்கவே இல்லை.

எள்ளு வீட்டுக்குள் வரக்கூடாது, எண்ணெயாகவும் வரக்கூடாது. தப்பித் தவறிப் பட்டால் என்ன செய்வது என்று மருந்தும் ஊசியும் காட்டிச் சொல்லிக்கொடுத்தார். தோலுக்குக் களிம்பு. இதற்கு முன்பும் ஒரு டாக்டர் களிம்பு தந்திருந்தார், ஸ்டீராய்டு என்ற பயத்தில் நாங்கள்தான் சரியாகப் போடவில்லை. “பொட்டு வைக்கிற மாதிரி வைக்காதீங்க. நான் சொன்ன அளவு, சொன்ன நாள் வரைக்கும் பூசுங்க. குளிச்சதும் ஈரம் காயறதுக்குள்ள கிரீம், கை தாராளமா. தோல் ஆறட்டும், மீதிச் சாப்பாடு எல்லாம் ஒண்ணொண்ணா வீட்லயே திரும்பட்டும். பாலும் முட்டையும் மட்டும் இங்க வந்து, எங்க கண்ணு முன்னாடி சாப்பிடட்டும்.”

கீழே மாணிக்கம் இன்னும் கவுண்டருக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் விழுந்துவிட்டது.

“நான் கொண்டாந்த எண்ணெயா சம்பந்தி?”

“எங்கட ஊர் எள்ளுப்பாகும்தான்.”

“மொத முத்தம் நான்தான் குட்த்தேன். ரெண்டு கன்னத்துலயும்.” புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார், “அப்ப உங்க ஊரும் எங்க ஊரும் சேர்ந்துதான் புள்ளையப் போட்டுத் தாளிச்சிருக்கோம்.”

6

களிம்பும் கிரீமும் மூன்று வாரத்தில் செய்ததைக் கிரந்தி பார்த்தும் சூடு பார்த்தும் நாங்கள் ஒரு வருடத்தில் செய்யவில்லை. ஆதவன் நித்திரை கொண்டான். நான்தான் பழக்கதோஷத்தில் எழும்பி எழும்பிப் போய், மூச்சு வருகிறதா என்று பார்த்தேன்.

கோதுமை திரும்பியது. பயறு திரும்பியது. பால் மருத்துவமனையில் வைத்தே ஒரு சச்சரவும் இல்லாமல் திரும்பியது. முட்டைக்கு நாள் குறித்தோம்.

சுவரில் மீன் படங்கள் ஒட்டிய அறை. நர்ஸ் ஒரு முட்டையைப் பொரித்து, தட்டில் சிறியதில் இருந்து பெரியதாகத் துண்டு போட்டு வரிசையாக வைத்திருந்தாள். ஏழு துண்டு. முதல் துண்டு ஒரு மிளகு அளவு. ஒவ்வொன்றுக்கும் நடுவே காத்திருந்து, நெஞ்சைக் கேட்டு, தோலைப் பார்த்துவிட்டு அடுத்ததைக் கொடுத்தார்கள். மேசையில் ஊசி தயாராக இருந்தது. அதைப் பார்க்காமல் இருக்க முயன்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தமுறை மூன்று பேர் போகலாம் என்றார்கள், மகேஷ் வெளியே நின்றுகொண்டு மாணிக்கத்தை உள்ளே விட்டிருந்தார். தன் பதற்றத்தைவிடத் தகப்பனின் வாய் பிள்ளைக்கு உதவும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

“வாடா நைனா, துன்னு. தாத்தா கல்யாணத்துல கூட இவ்ளோ மருவாதியா யாரும் முட்டை வெக்கல.”

நான்காவது துண்டுக்குப் பிறகு வாய்க்குக் கீழே, நாடியில் ஒரு சிவப்பு தெரிந்தது.

கௌரி எழுந்துவிட்டாள். “போதும் டாக்டர். நிறுத்திடலாம். முட்டை இல்லாம வளர்ற குழந்தைங்க இல்லையா என்ன?”

டாக்டர் குனிந்து பார்த்தார். வயிறு, முதுகு, காது மடல் எல்லாம் பார்த்தார். மூச்சைக் கேட்டார். “எச்சில் வழிஞ்சு தேய்ச்சிருக்கான்னு நினைக்கிறேன். தடிப்பு இல்ல. அடுத்த துண்டு கொடுக்கல, காத்திருப்போம். நிறுத்தணும்னா நானே சொல்றேன்மா. எனக்கும் உங்களை மாதிரி பயம் உண்டு, அதனாலதான் இங்க வெச்சுப் பண்றோம்.”

காத்திருந்தோம். கௌரி என் கையைப் பிடித்திருந்தாள். சின்ன வயதில் வெள்ளை உடை போட்ட யாரைக் கண்டாலும் அப்படித்தான் பிடிப்பாள். நான் சுவரில் இருந்த மீன்களை எண்ணினேன். பத்தொன்பது. மறுபடி எண்ணினேன். மாணிக்கமும் என்னோடு சேர்ந்து எண்ணத் தொடங்கினார்.

ஆதவன் தட்டைப் பார்த்தான். மிச்சம் இருந்த மூன்று துண்டுகளைப் பார்த்தான். நர்ஸைப் பார்த்தான். விரலை நீட்டி, “இன்னா?” என்றான். ஏன் நிறுத்திவிட்டீர்கள் என்று கேட்கும் தொனி.

டாக்டர் சிரித்துக்கொண்டே நாடியைத் தொட்டுப் பார்த்தார். சிவப்பு மங்கிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டு ஐந்தாவது துண்டைக் கொடுக்கச் சொன்னார். ஏழாவதையும் தின்றான். அதற்குப் பிறகும் நெடுநேரம் எங்களை இருத்திவைத்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

ஆட்டோவில் கௌரி பிள்ளையின் முகத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டு வந்தாள். திருவான்மியூர் திரும்பும் இடத்தில், “அப்பா, கூழ் காய்ச்சுவமோ?” என்றாள்.

7

இரண்டு மாதம் பிந்தி, போன ஞாயிற்றுக்கிழமை கூழ் காய்ச்சினேன். குப்பத்தில் தேவகி மீனை நிறுத்துவிட்டு, கேட்காமலே இன்னும் ஒன்றைப் பையில் போட்டாள். “இது அந்த ஒல்லிக் குச்சிக்கு.”

உறைப்பு போடுவதற்கு முன் ஆதவனுக்கென்று மீன் துண்டு ஒன்றைத் தனியாக எடுத்து, முள் பார்த்து உதிர்த்துச் சோற்றில் பிசைந்தேன். மேசையில் எனக்குப் பக்கத்தில் அவன். ஒரு வாய் வாங்குவான், என் கோப்பையைப் பார்ப்பான். நண்டுக்காலைக் கண்டதும் “இன்னா?” என்றான்.

“நண்டு, அப்பன்,” என்றேன். “உனக்கு இன்னும் கொஞ்சம் பொறுத்து.”

அவன் தமிழ் அவனுடையதாக இருக்கட்டும். அவன் கேட்பான், நான் சொல்வேன். அதில் இரண்டு ஊரும் இருக்கிறது.

குடித்து முடிந்ததும் மாணிக்கம் பேரனைத் தூக்கக் கையை நீட்டினார். கௌரி ஒரு பார்வை பார்த்தாள். நீட்டிய கையைப் பாதியிலேயே இழுத்துக்கொண்டு எழுந்து, கைகழுவும் இடத்துக்குப் போனார். எங்கள் வீட்டில் இப்போது அது சட்டம். எள்ளு இல்லை என்று தெரிந்தாலும், யார் எங்கே எதைத் தின்றுவிட்டு வந்தார்களோ, பிள்ளைக்கு முத்தம் கொடுக்க வேண்டுமென்றால் கையும் வாயும் கழுவ வேண்டும். மாணிக்கத்தின் பின்னால் அவர் மனைவி நின்றார். அவர் பின்னால் மகேஷ், எதிர்வீட்டுக்காரர், அவர் மனைவி. கூழ் குடித்ததுமே கழுவிவிட்டேன் என்று வாதாடிப் பார்த்த கீழ்வீட்டு நர்ஸும் வந்து நின்றாள்.

“இன்னா சம்பந்தி, கோயில் தரிசனம் மாரி கீது!” என்று வாயில் நுரையோடு மாணிக்கம் கத்தினார். “சீக்கிரம் வந்து நில்லு. லேட்டா வந்தா கன்னம் மிச்சம் இருக்காது.”

எழுந்து போய்க் கடைசியில் நின்றேன். எனக்கு முன்னால் ஆறு பேர். இந்த ஊரில் நான் நின்ற வரிசைகளுக்குக் கணக்கு வைத்திருக்கிறேன். அட்டை கேட்காத வரிசை இது ஒன்றுதான். அவசரம் இல்லாமல் நின்றேன்.